வேனில் வாழ எத்தனை வாட் சோலார், எவ்வளவு பேட்டரி?

வேன் கூரையில் இரண்டு சோலார் பேனலைப் போட்டுவிட்டு அதற்குத் தோதான பேட்டரியைத் தேடுகிறவர்கள்தான் அதிகம். கணக்கு இதற்கு நேர்மாறாக ஓட வேண்டும். ஒரு நாளைக்கு எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்பதில் தொடங்கி, அதை வைத்துப் பேட்டரி, பிறகு பேனல், கடைசியில் கன்ட்ரோலர் (பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜை ஒழுங்குபடுத்தும் கருவி), வயர், ஃபியூஸ். இந்த வரிசை மாறினால் நாலு நாள் மேகமூட்டத்தில் ஃப்ரிட்ஜ் நின்றுபோகும். இல்லையென்றால் ஒருநாளும் நிரம்பாத பேட்டரியைச் சுமந்துகொண்டு வண்டி ஓட்ட வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும் வாட்-அவரிலேயே (வாட் × மணி நேரம்) கணக்கிடுங்கள். ஆம்பியரில் போட்டால் 5 வோல்ட் போன், 12 வோல்ட் ஃபேன், 20 வோல்ட் லேப்டாப் என்று எல்லாம் கலந்து குழப்பம்தான் மிஞ்சும். வீட்டு மீட்டரில் ஒரு யூனிட் என்பது 1000 வாட்-அவர். அந்த அளவை மனதில் வைத்துக்கொண்டால் போதும். வேன் வாழ்க்கை பெரும்பாலும் ஒரு நாளைக்கு அரை யூனிட்டிலிருந்து ஒன்றரை யூனிட்டுக்குள் அடங்கிவிடும்.

முதலில் செலவு

செலவுக் கணக்கில் பெரும்பங்கு ஃப்ரிட்ஜுக்கே. 12 வோல்ட்டில் ஓடும் 45 லிட்டர் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ், கம்ப்ரசர் ஓடும்போது சுமார் 45 வாட் இழுக்கும். ஆனால் அது நாள் முழுக்க ஓடுவதில்லை. மிதமான வெயிலில் 100 நிமிடத்துக்கு 40 நிமிடம் ஓடும் என்று வைத்துக்கொள்ளலாம்: 45 × 0.4 × 24 = 432 வாட்-அவர். கடும் கோடையில், மூடிய வேனுக்குள், இந்த 40 எளிதாக 60 ஆகிவிடும். அப்போது கணக்கு 648. பெட்டியின் பின்புறம் வெப்பம் வெளியேற இடம் இல்லாமல் அலமாரிக்குள் இறுக்கமாகச் செருகியிருந்தால் இன்னும் ஏறும். காற்றுப்போக்குக்கு மேலும் கீழும் ஒரு துளை வெட்டுவது, ஒரு பேனல் கூடுதலாக வாங்குவதைவிடப் பல நேரம் அதிகப் பலன் தரும்.

தெர்மோஎலெக்ட்ரிக் கூலர் பெட்டிகள் என்று விற்கப்படுபவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். கம்ப்ரசர் இல்லாத அவை நிற்காமல் 40, 50 வாட் இழுக்கும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் போய்விடும், குளிர்ச்சியும் போதாது.

ஒருவர் வேனில் தங்கி லேப்டாப்பில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டு ஒரு முழுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஃப்ரிட்ஜ்: 432
கூரை ஃபேன், 25 வாட், 8 மணி நேரம்: 200
லேப்டாப், 45 வாட், 4 மணி நேரம், சார்ஜர் இழப்பும் சேர்த்து: 200
இன்டர்நெட் ரூட்டர், 8 வாட், 14 மணி நேரம்: 112
எல்இடி விளக்கு நான்கு, ஒன்று 4 வாட், 4 மணி நேரம்: 64
இரண்டு போன்: 40
தண்ணீர் பம்ப், 60 வாட், மொத்தம் 10 நிமிடம்: 10
கன்ட்ரோலர், பேட்டரி மானிட்டர், எப்போதும் விழித்திருக்கும் சில்லறைகள், 2 வாட், 24 மணி நேரம்: 48

கூட்டினால் 1106; 1100 என்று வைத்துக்கொள்வோம். பம்பைப் பாருங்கள்: 60 வாட் என்று கேட்டால் பெரிதாகத் தெரிகிறது, நாள் கணக்கில் ஒன்றுமே இல்லை. ரூட்டரோ 8 வாட்தான், ஆனால் விளக்குகள் எல்லாவற்றையும்விட அதிகம் தின்கிறது. எத்தனை வாட் என்பதோடு எத்தனை மணி நேரம் என்பதையும் பெருக்கிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இந்தப் பட்டியலில் இன்வெர்ட்டர் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறோம். 1000 வாட் இன்வெர்ட்டர் ஒன்று எதுவுமே செருகாமல் சும்மா இருக்கும்போதும் 10 முதல் 20 வாட் குடிக்கும். 12 வாட் என்று எடுத்தாலும் ஒரு நாளில் 288 வாட்-அவர், அதாவது எட்டு மணி நேர ஃபேன் செலவைவிட அதிகம். லேப்டாப்பை 12 வோல்ட் டைப்-சி சார்ஜரிலேயே போடுங்கள். 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதை மறுபடி 20 ஆக்குவதில் இரண்டு முறை இழப்பு. இன்வெர்ட்டர் தேவைப்பட்டால் கை எட்டும் இடத்தில் சுவிட்ச் வைத்து, வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

இண்டக்ஷன் அடுப்பு, மின் கெட்டில் ஆசை உள்ளவர்களுக்கு விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பதுதான் விதி. 100 ஏஎச் (ஆம்பியர்-அவர்) லித்தியம் பேட்டரியில் உள்ள பிஎம்எஸ் எனும் பாதுகாப்பு சர்க்யூட் பெரும்பாலும் 100 ஆம்பியர் வரை மட்டுமே விடும். அதாவது சுமார் 1280 வாட், இன்வெர்ட்டர் இழப்பு போக வெளியே கிடைப்பது 1100-ஐ ஒட்டி. 2000 வாட் கெட்டிலைப் போட்ட நொடியில் பிஎம்எஸ் எல்லாவற்றையும் துண்டித்துவிடும். சமையலை எரிவாயுவில் வைத்துக்கொள்வதுதான் சிறிய அமைப்புக்கு ஏற்றது.

பேட்டரி: எத்தனை நாள் தாங்க வேண்டும்?

வெயிலே இல்லாத இரண்டு நாளைத் தாங்கினால் போதும் என்று முடிவெடுப்போம். 1100 × 2 = 2200 வாட்-அவர். இது கையில் கிடைக்க வேண்டிய அளவு. பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் அளவு வேறு.

எல்எஃப்பி எனப்படும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் வரை தாராளமாகப் பயன்படுத்தலாம். 2200 ÷ 0.8 = 2750. அதை 12.8 வோல்ட்டால் வகுத்தால் 215 ஏஎச். 200 ஏஎச் வாங்கினால் ஏறக்குறைய சரியாக இருக்கும். எடை சுமார் 25 கிலோ.

லெட் ஆசிட் அல்லது ஏஜிஎம் (மூடிய வகை லெட் ஆசிட்) என்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. 2200 ÷ 0.5 = 4400; 12-ஆல் வகுத்தால் 367 ஏஎச். நான்கு 100 ஏஎச் பேட்டரிகள், 110 கிலோவுக்கு மேல். எடை ஒருபுறம் இருக்கட்டும், அதைவிடப் பெரிய சிக்கல் சார்ஜ் ஆகும் விதம். லெட் ஆசிட் பேட்டரி 80 சதவீதம் வரை வேகமாக ஏறும். மீதி 20 சதவீதம் ஏற மணிக்கணக்காகும், அந்த நேரத்தில் பேட்டரி வாங்கிக்கொள்ளும் கரண்ட் குறைந்துகொண்டே போகும். மதியம் மூன்று மணிக்கு அந்த நிலையை எட்டினால் வெயில் அதற்குள் சாய்ந்துவிடும். நாள்தோறும் இப்படி 90 சதவீதத்தில் நின்றால் தட்டுகளில் சல்பேட் படிந்து இறுகி, ஒரு வருடத்துக்குள்ளேயே கொள்ளளவு குறையத் தொடங்கும். லித்தியமுக்கு இந்தத் தொல்லை இல்லை. பாதியில் நின்றாலும் அதற்குக் கேடில்லை. சோலாரை மட்டுமே நம்பி வாழ்கிறவர்கள் லித்தியம் வாங்குவதற்கு எங்கள் கணக்கில் முதல் காரணம் இதுதான், எடை இரண்டாவது.

லித்தியமின் பலவீனம் குளிர். செல்லின் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். மின்சாரம் எடுக்கலாம், ஏற்றக் கூடாது. பனி விழும் இடங்களுக்குப் போகிறவர்கள், குளிரில் சார்ஜைத் தானாக நிறுத்தும் வசதி பிஎம்எஸ்ஸில் உண்டா என்று கேட்டு வாங்கி, பேட்டரியை வேனின் உட்புறத்தில் வையுங்கள்.

இரண்டு 100 ஏஎச் பேட்டரியை இணையாக இணைப்பதானால் முதலில் இரண்டையும் தனித்தனியே முழுவதும் சார்ஜ் செய்துவிடுங்கள். இணைத்த பிறகு பாசிட்டிவ் வயரை ஒரு பேட்டரியிலிருந்தும் நெகட்டிவ் வயரை மற்றதிலிருந்தும் எடுங்கள். இரண்டையும் ஒரே பேட்டரியிலிருந்து எடுத்தால் அந்தப் பேட்டரி மட்டும் அதிகம் உழைத்துத் தேயும். பழையதையும் புதியதையும் சேர்க்க வேண்டாம்.

பேனல்: மிக மோசமான மாதத்தை வைத்துக் கணக்கிடுங்கள்

பேனலின் மேல் எழுதியிருக்கும் வாட், ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளியும் செல் 25 டிகிரி வெப்பத்திலும் இருக்கும் ஆய்வக நிலைக்கு உரியது. கூரையில் வெயிலில் கிடக்கும் பேனலின் செல் 60 டிகிரியைத் தாண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும் என்பதால் அங்கேயே சுமார் 12 சதவீதம் போய்விடும். தூசி, வயர், கன்ட்ரோலர், கூரை மேல் எப்போதாவது விழும் நிழல் எல்லாம் சேர்த்து மொத்தத்தில் 0.7-ஆல் பெருக்குவது நம்பகமான கணக்கு.

அடுத்து வெயில் நேரம். இது சூரிய உதயம் முதல் மறைவு வரையிலான நேரம் அல்ல. ஒரு நாளில் ஒரு சதுர மீட்டரில் விழும் மொத்த ஒளியை, முழு வெயில் எத்தனை மணி நேரம் அடித்ததற்குச் சமம் என்று சொல்லும் எண். ஐரோப்பிய ஆணையத்தின் பிவிஜிஐஎஸ் தளத்தில் இடத்தைக் குறித்தால் மாதவாரியாக இலவசமாகக் கிடைக்கும். அங்கே தரைக்குக் கிடைமட்டமாக விழும் ஒளியின் அளவை எடுங்கள், ஏனென்றால் வேன் கூரை படுக்கையாகத்தான் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு 120 என்று வந்தால் 30-ஆல் வகுங்கள்: ஒரு நாளைக்கு 4 மணி நேரம். ஆண்டுச் சராசரியைத் தொடவே வேண்டாம். நீங்கள் வேனில் இருக்கப்போகும் மாதங்களில் எது மிகக் குறைவோ அதுதான் உங்கள் எண்.

நம் உதாரணத்தில் செலவு 1100, பேட்டரியில் ஏற்றி இறக்கும் இழப்பு 5 சதவீதம் சேர்த்து சுமார் 1160. வெயில் 4 மணி நேரம். 1160 ÷ (4 × 0.7) = 414 வாட். இதே ஆள் 2.5 மணி நேரமே வெயில் உள்ள இடத்தில் இருந்தால் 663 வாட் தேவைப்படும், 5.5 மணி நேரம் என்றால் 300 வாட்டே போதும்.

414 என்று வந்ததும் 400 வாங்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 414 வாட் என்பது அன்றைய செலவை அன்றே ஈடுகட்டுவது மட்டுமே. இரண்டு நாள் மேகமூட்டத்தில் பேட்டரி காலியாகிவிட்டால், மூன்றாம் நாள் வெயிலில் வரும் மின்சாரம் மூன்றாம் நாள் செலவுக்கே போய்விடும். பேட்டரி அடிமட்டத்திலேயே கிடக்கும். இழந்ததை மீட்க உபரி வேண்டும். 25 சதவீதம் கூட்டி 520 வாட் போட்டால் நாளைக்கு 290 வாட்-அவர் மிஞ்சும். காலியான 2200-ஐ நிரப்ப அப்போதும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஆகவே கூரையில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவும் பேனல் போடுங்கள், கூடவே வண்டி ஓடும்போது சார்ஜ் ஆகும் வழியையும் வையுங்கள். பெரிய பேட்டரி வாங்குவது பற்றாக்குறையை ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போடுமே தவிரத் தீர்க்காது.

ஒரு சதுர மீட்டரில் சுமார் 200 வாட் பேனல் அடங்கும் என்று வைத்துக்கொண்டு கூரையை அளந்துகொள்ளுங்கள். வென்டின் மூடி, ஏசி, லக்கேஜ் கம்பி ஆகியவற்றின் நிழல் காலை பத்து மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் குறித்துவிட்டுப் பிறகு துளை போடுங்கள். பேனலின் ஒரு ஓரத்தில் கையளவு நிழல் விழுந்தாலே அந்த வரிசை முழுவதும் படுத்துவிடும். பேனலுக்குள் இருக்கும் பைபாஸ் டயோடு கரண்டை அந்த வரிசையைச் சுற்றி விட்டுவிடும், பேனலின் உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு போகும். பேனலுக்கும் கூரைக்கும் நடுவே மூன்று நான்கு சென்டிமீட்டர் காற்றோட்ட இடைவெளி விடுங்கள். கூரையோடு ஒட்டிவிடும் வளையும் பேனல்கள் எடையில் லேசானவை, பார்க்கவும் அழகு. ஆனால் சூடு வெளியேற வழியில்லாமல் சீக்கிரம் தளர்ந்துவிடும், வளைத்த இடத்தில் செல் விரிசல் விடும். வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் அவற்றைப் பாருங்கள்.

கன்ட்ரோலர்

கன்ட்ரோலரில் இரண்டு வகை: பிடபிள்யூஎம், எம்பிபிடி. பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் பேனலின் வோல்ட்டேஜைப் பேட்டரியின் வோல்ட்டேஜுக்கு இழுத்துவிடும். 18 வோல்ட், 5.5 ஆம்பியர் தரும் 100 வாட் பேனல், 13 வோல்ட் பேட்டரியில் 5.5 ஆம்பியரே தரும்: 72 வாட். எம்பிபிடி மிச்ச வோல்ட்டேஜைக் கரண்டாக மாற்றிவிடும். கூரையில் இடம் குறைவாக இருக்கும் வண்டிக்கு எம்பிபிடிதான்.

அதன் அளவைச் சொல்ல இரண்டு எண்கள். ஆம்பியர்: பேனல் வாட்டைச் சார்ஜ் வோல்ட்டேஜால் வகுங்கள், 520 ÷ 14.2 = 36.6. 35 ஆம்பியர் கன்ட்ரோலர் போட்டாலும் நல்ல வெயிலில் கொஞ்சம் வெட்டுப்படும், அவ்வளவே. வோல்ட்டேஜ் அப்படியல்ல. கன்ட்ரோலரின் உச்ச வோல்ட்டேஜை ஒருமுறை தாண்டினாலே அது எரிந்துவிடும், உத்தரவாதமும் கிடைக்காது. ஓப்பன் சர்க்யூட் வோல்ட்டேஜ் (எதையும் இணைக்காதபோது பேனல் காட்டும் வோல்ட்டேஜ்) 22.5 உள்ள பேனல் மூன்றைத் தொடராக இணைத்தால் 67.5. 75 வோல்ட் கன்ட்ரோலருக்குப் போதும் போலத் தெரியும். ஆனால் குளிரில் பேனல் வோல்ட்டேஜ் ஏறும். மைனஸ் 10 டிகிரி அதிகாலையில் 10 சதவீதம் கூடி 74-ஐத் தாண்டிவிடும். இந்த விளிம்பில் நிற்க வேண்டாம். 100 வோல்ட் கன்ட்ரோலர் எடுங்கள், அல்லது இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, அந்த ஜோடிகளை இணையாக்குங்கள்.

இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். அடுத்து பேட்டரி வகையைத் தேர்ந்தெடுங்கள்: லித்தியமுக்கு 14.2 வோல்ட் வரை ஏற்றி, நிரம்பியபின் 13.5-இல் நிலையாக வைத்திருப்பது பாதுகாப்பான அமைப்பு. பேட்டரியோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அதையே வையுங்கள். ஈக்வலைசேஷனும் (அவ்வப்போது கூடுதல் வோல்ட்டேஜில் ஏற்றுவது) வெப்பநிலைக்கேற்ற வோல்ட்டேஜ் மாற்றமும் லெட் ஆசிட்டுக்கு உரியவை; லித்தியமுக்கு இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

வயரும் ஃபியூஸும்

பேட்டரி 13 வோல்ட் காட்டுகிறது, ஃப்ரிட்ஜ் மட்டும் வோல்ட்டேஜ் குறைவு என்று நின்றுவிடுகிறது. பெரும்பாலும் குற்றம் வயரில்தான். தாமிர வயரின் வோல்ட்டேஜ் வீழ்ச்சிக்கு ஒரு சூத்திரம்: 2 × நீளம் மீட்டரில் × ஆம்பியர் × 0.0175 ÷ ஸ்கொயர் எம்எம். பேட்டரியிலிருந்து ஃப்ரிட்ஜ் 5 மீட்டர், ஓட்டம் 5 ஆம்பியர், வயர் 1.5 ஸ்கொயர் எம்எம் என்றால் 0.58 வோல்ட் வழியிலேயே போகும். கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் கரண்ட் இரட்டிப்பானால் வீழ்ச்சியும் இரட்டிப்பாகி ஒரு வோல்ட்டைத் தாண்டும், பாதுகாப்பு சர்க்யூட் அணைத்துவிடும். 4 ஸ்கொயர் எம்எம் போட்டால் அதே வீழ்ச்சி 0.22. சிகரெட் லைட்டர் பிளக்கை வெட்டியெறிந்துவிட்டு நல்ல திருகு கனெக்டர் போடுங்கள். அந்தப் பிளக்கின் ஸ்பிரிங் முனை வண்டி குலுங்கும்போதெல்லாம் தளர்ந்து சூடேறும். சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டரை ஃப்ரிட்ஜின் முனையில் வைத்துக் கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் பாருங்கள். பேட்டரி முனையில் அளப்பது எதையும் சொல்லாது.

ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. ஆகவே வயர் தாங்கும் அளவுக்குக் கீழே, பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜுக்கு 4 ஸ்கொயர் எம்எம் வயரும் 15 ஆம்பியர் ஃபியூஸும் பொருந்தும். 1000 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் நூறு ஆம்பியர் இழுக்கும். 35 ஸ்கொயர் எம்எம் வயர், 125 ஆம்பியர் ஃபியூஸ், ஒரு மீட்டருக்குள் தூரம். லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். மலிவான ஃபியூஸ் உருகிய பின்னும் உள்ளே தீப்பொறி வளைந்து ஓடிக்கொண்டே இருக்கக்கூடும். பிரதான ஃபியூஸில் காசு மிச்சம் பிடிக்காமல் கிளாஸ் டி (Class T) வகையை வாங்குங்கள்.

தடித்த வயரின் லக்கை (நுனியில் மாட்டும் உலோக முனை) ஹைட்ராலிக் கிரிம்பரால் அழுத்துங்கள். ஈயம் ஊற்றி ஒட்டினால் ஈயம் முடியும் இடத்தில் வயர் விறைத்துப்போய், வண்டியின் அதிர்வில் அங்கேயே முறியும்.

ஓடும்போது சார்ஜ்

ஓடும் வண்டியின் மின்சாரத்தை எடுத்துப் பேட்டரியில் ஏற்றும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒரு மணி நேரத்தில் சுமார் 400 வாட்-அவர் தரும். மூன்று மணி நேர ஓட்டத்தில் ஒரு நாள் செலவு வந்துவிடும். மேகமூட்ட வாரத்தில் பேட்டரியை மீட்பது பெரும்பாலும் இதுதான். ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) வைத்து லித்தியமை நேராக ஆல்டர்னேட்டரோடு (இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் கருவி) இணைக்க வேண்டாம். லித்தியம் கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும். வண்டி நின்ற இடத்தில் இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஆல்டர்னேட்டரின் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் அது வெந்துபோகும். இன்ஜினைக் கிளப்பும் வண்டி பேட்டரிக்கும் நம் லித்தியம் பேட்டரிக்கும் இடையில் ஓடும் வயருக்கு இரு முனையிலும் ஃபியூஸ் வேண்டும், ஏனென்றால் இரு முனையிலும் பேட்டரி இருக்கிறது. 5 மீட்டருக்கு 16 ஸ்கொயர் எம்எம் போதும்.

அளந்து பார்ப்பது

லித்தியம் பேட்டரி 80 சதவீதத்திலும் 13.2, 13.3 வோல்ட்தான், 40 சதவீதத்திலும் ஏறக்குறைய அதேதான். வோல்ட்டேஜைப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. ஷன்ட் (கடந்துபோகும் கரண்டை அளக்கும் சிறு துண்டு) உள்ள பேட்டரி மானிட்டர் ஒன்று கட்டாயம். எல்லா நெகட்டிவ் வயரும் ஷன்ட் வழியாகவே பேட்டரிக்குப் போக வேண்டும். ஒரே ஒரு வயர் நேராகப் பேட்டரியில் இருந்தாலும் கணக்கு பொய்யாகிவிடும். வாரம் ஒருமுறையாவது பேட்டரி முழுவதும் நிரம்பினால்தான் மானிட்டர் நூறு சதவீதத்தைப் புதிதாகப் பிடித்துக்கொள்ளும்.

முதல் வாரம் முடிந்ததும் மானிட்டரில் நாள் செலவைப் பார்த்து, காகிதத்தில் போட்ட 1100-ஓடு ஒப்பிடுங்கள். 1400 என்று வந்தால் உடனே பேனலைத் தேடாதீர்கள். இரவில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மானிட்டரில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று பாருங்கள். அரை ஆம்பியர் ஓடினால் ஒரு நாளைக்கு 150 வாட்-அவர் சும்மா போகிறது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் இறங்குகிறதோ அந்த வயரின் மறுமுனையில் இருப்பதுதான் காரணம். பெரும்பாலும் அணைக்க மறந்த இன்வெர்ட்டர், அல்லது விளக்கெரியும் யுஎஸ்பி சாக்கெட்.

வண்டியைச் சில மாதம் நிறுத்திவைப்பதானால் பேட்டரியை 50, 60 சதவீதத்தில் வைத்துப் பிரதான சுவிட்சை அணையுங்கள், பேனலையும் துண்டித்துவிடுங்கள். சூடான வண்டிக்குள் நூறு சதவீதத்தில் மாதக்கணக்கில் கிடந்தால் லித்தியமுக்கு அதுதான் வேகமான முதுமை.